சாரலுக்கு முன் இடித்த வீடு

இயற்கையைக் காப்பாற்றுவது என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் என் மச்சினன் சுடலைராஜ்.

அவன் மரம் வெட்டுகிறவன் அல்ல. சங்கரன்கோவிலில் போலீஸ் ஏட்டு. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், என் மாமியார் சகிதம் மலையடிவாரத்திலுள்ள என் வீட்டுக்கு வந்துவிடுவான். மூன்று வாரம். அருவியில் தண்ணீர் குறைந்தாலும் இவர்கள் குறைய மாட்டார்கள். போன சீசனில் நான் அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குத் துணையாகப் படுத்தேன்.

வீடும் பழசு, ஒழுகும். இடித்துக் கட்டலாமென்று கடையநல்லூர் இன்ஜினியர் கிதிர் முகம்மதுவை அழைத்தேன்.

“இது மலைப் பாதுகாப்புப் பகுதி அண்ணாச்சி. பழைய வீட்டு அளவுலதான் புது வீடு. ஒரு அடி கூட்ட முடியாது.”

“குறைக்கலாமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.

அன்றே என் பசுமை வீடு பிறந்தது. மண் சுவர். பழைய ஓடே கூரைக்கு. ஏ.சி. கிடையாது. கூடம் கிடையாது; அந்த இடத்தில் மழைநீர்த் தொட்டி. ஒரே ஒரு படுக்கையறை. அதில் இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் நிற்கலாம். வரைபடத்தை என் மனைவி உமாராணி முன் விரித்தேன்.

“தம்பி வந்தா எங்கன படுப்பான்?”

“சட்டம் அப்படி இருக்குட்டி. நான் என்ன செய்ய?”

“தொட்டியில படுக்கச் சொல்லுதியளோ?”

“பூமி சூடாகுது. நம்ம பங்குக்கு எதாவது செய்யாண்டாமா?”

“போன கோடையில ஏ.சி. ஏ.சி.ன்னு துடிச்சது யாரு?”

“அது அறியாமை. இனிமே ஏ.சி. காத்து என் மேல படாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சரி.”

முப்பது வருஷத்தில் அவள் ‘சரி’ சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். பூரித்துப் போனேன்.

தை மாதம் அனுமதி வந்தது. இடிக்க நாள் பார்க்கும் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். மாசியில் சித்தி மகள் கல்யாணம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். சித்திரையில் அக்னி நட்சத்திரம்.

“வைகாசி இருவது. அருமையான நாளு.”

வைகாசி இருபதில் வீடு தரைமட்டம். தென்காசியில் உமாராணியின் தோழி வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டோம். பத்தாம் நாள் சாரல் பிடித்துக்கொண்டது. கிதிர் முகம்மது குடையோடு வந்தார்.

“மண்ணுச் சுவரு நனைஞ்சா கரைஞ்சிரும் அண்ணாச்சி. சாரல் விடணும். அதுக்குப் பொறவு ஐப்பசி மழை. இனி அடுத்த தையிலதான் வேலை.”

“இதை முதல்லயே சொல்லக் கூடாதாவே?”

“சொன்னனே, மதினிகிட்ட. நாள் பாக்கது அவுகதான்னு நீங்கதான சொன்னிய?”

நான் உமாராணியைப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்தாள்.

“அதுவரைக்கும் எங்கட்டி இருக்க?”

“தம்பி வீடு எதுக்கு இருக்கு?”

பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்தது.

சங்கரன்கோவிலில் சாரல் கிடையாது. வெயில் உண்டு, வேண்டிய மட்டும். நாங்கள் போய் இறங்கியபோது மச்சினன் குடும்பமே பைகளோடு வாசலில் நின்றது. பக்கத்தில் அவன் வண்டி.

“வாங்க அத்தான்! நல்ல நேரத்துல வந்திய. குத்தாலத்துல மூணு வாரத்துக்கு லாட்ஜ் போட்டாச்சு. ரெண்டு ஆட்டையும் நாயையும் பாக்க ஆளில்லாம தவிச்சிட்டேன். அக்காவும் எங்ககூட வாரா.”

“அப்ப நானு?”

உமாராணி என் பெட்டியை மட்டும் இறக்கி வைத்தாள்.

“வண்டியில ஏழு பேருதான். ஒரு ஆளு கூட்ட முடியாது. சட்டம் அப்படி இருக்கு, நான் என்ன செய்ய?”

வண்டி கிளம்பியது. ஜன்னல் வழியே அவள் கை வெளியே வந்தது. டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்தேன். கையில் இருந்தது மச்சினன் வீட்டு ஏ.சி. ரிமோட்.

“இதை நான் கொண்டு போறேன். சத்தியம் பண்ணிருக்கியள்லா!”