அனோஜனின் வருகைப் பதிவு

கறுப்புக் கோட்டுப் போட்ட கொரியப் பெடியன் ஒருவன் வாசலில் நின்று இடுப்பு வரை குனிந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஆளை விட உயரமாக, மூன்று கால் நட்டு, வெள்ளைச் செவ்வந்தியால் ஆன பெரிய பூவளையம் ஒன்று நின்றது. இரண்டு பக்கமும் தொங்கிய கறுப்பு நாடாக்களில் விளங்காத எழுத்து. நடுவில் மட்டும் ஆங்கிலத்தில் சிறிதரனின் பெயர்.

வீடு பிழையோ என்று சிறிதரன் கேட்டார். பெடியன் கையிலிருந்த துண்டில் விலாசத்தைக் காட்டினான். வீட்டுக்குள் கண்ணை விட்டு எதையோ தேடினான். பிறகு வளையத்தைக் கூடத்தில் தூக்கி நிறுத்தி, வெறும் சுவரைப் பார்த்து இன்னொரு தடவை குனிந்துவிட்டுப் போனான்.

சிறிதரன் மெல்பேணில் மல்கிரேவுக்குக் குடிவந்த காலம் தொட்டுக் குளிரறைக் கிடங்கில் இறைச்சிப் பெட்டி தூக்குகிறவர். அந்த உடம்பில் பயம் லேசில் ஏறாது. செவ்வந்தி சாமிக்கு வைக்கிற பூ. தென்கொரியாவின் சோல் நகரில் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்கிற மகன் அனோஜன் எதிலோ முதலாவதாக வந்திருக்கிறான், அதற்குத் தகப்பனைக் கௌரவிக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். மனைவி சிவாஜினிக்கு அந்தக் கறுப்பு நாடா பிடிக்கவில்லை. அவர்களுக்கு அது நல்ல நிறமாயிருக்கும் என்று அவளை அடக்கினார். வேட்டி கட்டி, திருநீறு பூசி, வளையத்தின் பக்கத்தில் பல் தெரிய நின்று படம் எடுப்பித்தார். பூவில் செருகியிருந்த அட்டையில் பேராசிரியை ஹான் என்ற பெயரும் நம்பரும் இருந்தன. தன் பெயரைப் போட்டு நன்றி எழுதிப் படத்தை அந்த நம்பருக்கு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ கோல் வந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சிறிதரனைக் கண்டதும் அந்த முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கண் இமைக்கவில்லை. இன்ரநெற் பிடிபடவில்லையோ என்று சிறிதரன் போனைத் தட்டினார். அப்படியில்லை. அந்தம்மாவின் கீழுதடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐ ஆம் சிறிதரன், மேடம். வெரி ஹாப்பி," என்றார்.

ஒரு சின்ன அலறல். திரை இருண்டது.

இருண்ட திரையில் அவருடைய முகம்தான் தெரிந்தது. கூடம் முழுக்கப் பூவாசம் கனத்துப்போய் நின்றது. ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தும் கிடங்குக் கதவைத் திறந்த மாதிரி முதுகு குளிர்ந்தது. திரும்பவும் போன் அடித்தது. அனோஜன்தான்.

"அப்பா, ஆருக்கும் முகத்தைக் காட்டாதேங்கோ. நீங்கள் செத்துப்போனியள்."

விசயம் இதுதான். அங்கே வகுப்புக்குப் போகாத நாட்கள் கூடினால் பாடம் பெயில். பெயிலானால் விசாவை நீட்டமாட்டார்கள், படிப்பை விட்டுவிட்டு வெறுங்கையோடு வரவேண்டியதுதான். அனோஜன் அந்த விளிம்பில் நின்றான்.

"ஏன் கிளாசுக்குப் போகேல்லை?"

"காலமை கிளாஸ் அப்பா. எழும்ப ஏலாமல் கிடந்தது."

விடிய முன்னமே எழும்பிக் குளிரறைக்குள் இறங்குகிற மனிதர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"நீ படுக்கிறதுக்கு நான் சாகோணுமோ?"

"சும்மா சாட்டுச் சொன்னால் எடுபடாது அப்பா. தாய் தேப்பன் செத்தால்தான் ஒழுங்கான லீவு."

"கொம்மான்ரை பக்கத்திலை ஒரு மாமனைச் சாக்காட்டியிருக்கலாமே."

"மாமாவுக்கு ஒரு நாள்தான் குடுப்பினம்."

பொய் பிடிபட்டால் பெயில் இல்லை, ஒரேயடியாக வெளியே போடுவார்கள் என்று பெடியன் அழுதான். சிறிதரனுக்கு அவனைப் பிடித்து அறையவேண்டும்போல் இருந்தது. ஆனால் தான் பெட்டி தூக்கியது மகன் தூக்கக்கூடாது என்றுதான். ஆகவே தானே பேராசிரியைக்கு எழுதினார்: நான் சிறிதரனின் தம்பி, அச்சு அசலாக அண்ணனைப் போலவே இருப்பேன், குடும்பப் பெயரும் அதுதான், துக்கத்தில் என்ன பேசுகிறேன் என்று தெரியாமல் பேசிவிட்டேன்.

பதில் கனிவாக வந்தது. அலறியதற்கு அந்தம்மா மன்னிப்புக் கேட்டிருந்தார். மாநாட்டுக்காகச் சிட்னியில்தான் நிற்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை மெல்பேணுக்குப் பறந்து வந்து, இறந்தவரின் படத்துக்கு முன்னால் முறைப்படி வணங்கிவிட்டுத்தான் நாடு திரும்புவாராம்.

குடியுரிமை எடுத்த அன்று பிடித்த படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டினார் சிறிதரன். மாலை போட்டார். விளக்கும் அவரே கொளுத்தினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் வித்தியாசம் வேண்டுமே என்று, இளந்தாரி வயது முதல் இருந்த மீசையை வழித்தார். கண்ணாடியில் நின்றவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கூடத்துக்கு வந்து பார்த்தால், மீசையோடு இருந்த சிறிதரன் மாலைக்குள் இருந்து இவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்வை கூடவே வந்தது. இருவரில் உயிரோடு இருப்பவன் அவன்தான் போலிருந்தது.

சிவாஜினியிடம் பொட்டைப் பற்றி மெல்லத் தொடங்கினார்.

"பொட்டை அழிக்கமாட்டன்," என்றாள் சிவாஜினி. "உங்கடை மகன் பாசாகிறதுக்கு நான் தாலியறுக்கேலாது. குசினிக்குள்ளை கிடக்கிறன், கோயிலுக்குப் போயிட்டாளெண்டு சொல்லுங்கோ."

ஞாயிறு பின்னேரம், வெளியே மழை இருட்டில் பேராசிரியை ஹான் வந்தார். கறுப்புச் சட்டை, கறுப்புக் காலுறை. யாரோடும் பேசாமல் நேரே படத்துக்கு முன்னால் போய் நிலத்தில் நெற்றி படக் குனிந்தார். எழுந்து திரும்பவும் குனிந்தார். விளக்கு ஆடியது. சுவரில் இருந்த சிறிதரன் ஒருகணம் தலையசைத்தது போலிருந்தது. கீழே நின்ற சிறிதரனுக்குத் தன்னை அறியாமல் கண் நிறைந்தது. அண்ணன் நல்ல மனிதன்தான் என்று பட்டது.

அந்தம்மா சிவாஜினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயிலுக்குப் போன கதையே தேவைப்படவில்லை. அடுத்த வீட்டுத் துக்கத்தைத் தோண்டாத பண்பான பொம்பிளை என்று சிறிதரன் நிம்மதியானார்.

"அனோஜனைப் பற்றிப் பயப்படாதீர்கள்," என்றார் அவர் ஆங்கிலத்தில். "அவனுடைய வருகைப் பதிவை நானே சரிசெய்துவிட்டேன். பாவம், இனி அவனுக்கு நீங்கள் ஒருவர்தான்." பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மகன் தப்பினான் என்று சிறிதரன் மூச்சு விட்ட நேரம்தான் குசினிக் கதவு திறந்தது. அழுகிற மனுசியை ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப சிவாஜினிக்கு மனம் வரவில்லை. மஞ்சள் சீலை, நெற்றியில் வட்டப் பொட்டு, கையில் தட்டு.

பேராசிரியை எழுந்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி வைத்து, பூவளையத்தோடு முட்டிக்கொண்டு நின்றார். வீடியோவில் கண்ட அதே முகம், அதே நடுக்கம்.

இதற்கும் சிறிதரனிடம் விடை இருந்தது. தம்பி என்றால் தம்பிக்கும் ஒரு பெண்சாதி இருக்கத்தானே செய்வாள்.

"திஸ் இஸ் மை வைஃப், மேடம்," என்றார் பெருமையாக.

பேராசிரியை அவர் பக்கம் திரும்பவேயில்லை. சிவாஜினியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் காதில் விழுந்துவிடக்கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார்:

"இந்த அம்மாவின் படத்துக்குத்தானே போன செமஸ்டர் நாங்கள் எல்லோரும் விழுந்து கும்பிட்டோம்."