மாமனார் வண்டிக்கு மலிவு ஆயில்

சிவமயம்

காரைக்குடி,
ஞாயிறு பகல்.

பிரியமுள்ள மைத்துனன் ஆதித்தனுக்கு அயித்தான் சத்தியமூர்த்தி எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் சௌபர்ணிகாவும் குழந்தைகளும் பிள்ளையார்பட்டியான் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் உன் அக்கா மீனாளும் சுகம். உன் அப்பச்சியும், அதாவது என் மாமனாரும், சுகம். அவர் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் மீனாள் காதில் விழும்.

மாமாவின் பைக்கை நீதானே எனக்குக் கொடுத்தாய்? போன மாதம் அதற்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. கடைக்குப் போனால் ட்வென்ட்டி டபிள்யூ ஃபார்ட்டி, டென் டபிள்யூ தர்ட்டி என்று அலமாரி முழுக்க டப்பா, எடுத்துக் காட்டுகிற ஒவ்வொன்றும் முந்தினதைவிட விலை கூட. நான் வேலை பார்க்கிற பங்களா ஹோட்டலில் டிரைவர் முத்தரசு, காருக்கு ஊற்றியது போக மீந்ததைப் பாதி விலைக்குத் தந்தார். ஆயில் ஆயில்தானே என்று வாங்கி ஊற்றிவிட்டேன். மறுநாள் கிக்கரை மிதித்தால் வண்டி செருமுகிறது. என்னைத் திட்டுவதற்கு முன்னால் உன் அப்பச்சி தொண்டையைச் செருமுவாரே, அதே செருமல்! ரயில்வே மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. ஆனால் பின்சீட் அமுங்கியிருந்தது. மீனாளிடம் சொன்னால் பயப்படுவாள் என்று பார்த்தேன், அவள் சந்தோஷப்படுகிறாள். "அப்பச்சிக்கு ஆயில் பிடிக்கல. அவுககிட்டயே கேட்டுருவோம், இருங்க" என்றாள்.

மகள் வீட்டில் அப்பச்சிக்குப் படைக்கிற முறை நம்மில் கிடையாது. நான் சொன்னேன், கேட்டால்தானே? வெள்ளைப் பணியாரம், கும்மாயம் என்று பலகாரம், பக்கத்தில் மூன்று ஆயில்: கடையிலேயே விலை கூடினது, நடுத்தரம், என் முத்தரசு கேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே செருமல் கேட்டது தம்பி, சத்தியமாகக் கேட்டது. திறந்தால் என் கேன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, பணியாரத்தில் ஒன்றைக் காணோம்.

அன்றையிலிருந்து அவர் போகவில்லை. காலையில் நான் எடுக்கப் போனால் பேப்பர் ஏற்கெனவே பிரிந்து கிடக்குது. மீனாள் மேசையில் கூடுதலாக ஒரு காபி வைக்கிறாள், டம்ளர் காலியாயிருது. விலை கூடின ஆயில்தான் வேண்டும் என்கிறார், எனக்குப் புரியாமல் இல்லை. உயிரோடு இருந்தபோதே என்னைக் கஞ்சன் என்றவர்தானே. படைக்க வாங்கியதையே ஊற்றித் தொலைத்துவிடலாம், ஆனால் அப்புறமும் போகாவிட்டால்? முறையில்லாமல் கூப்பிட்ட நாங்கள் எந்த முறையில் அனுப்புவது? வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டிக்கு இதே வண்டியில் போகவேண்டுமாம் உன் அக்காவுக்கு. எனக்குப் பயமாயிருக்குது தம்பி, வெட்கத்தை விட்டுச் சொல்லுறேன். அதுக்குள்ள நீ வந்து, உங்க வீட்டில் முறைப்படி படைத்து, அவரை அழைச்சுக்கிட்டுப் போயிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.

குழந்தைகளுக்கு என் ஆசி. சௌபர்ணிகாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும் அயித்தான்,
சத்தியமூர்த்தி

பி.கு.: ஆதித்தா, நீ வர வேண்டாம். மாப்பிள்ளை பேனாவை வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போயிருக்காக. விலை கூடினதை நான் கேக்கவே இல்லை. முப்பது வருஷமா நான் ஊத்துனதும் மலிவு ஆயில்தான். ஆனா அது பைக் ஆயில். இவுக ஊத்துன கார் ஆயிலுக்குக் கிளட்ச் வழுக்குது, ஏத்தத்துல வண்டி பின்னால சரியும். டப்பாவுல எம்.ஏ. டூன்னு போட்டிருக்கிற மலிவான ஆயில் எதுவும் போதும். இதைச் சொல்லத்தான் நானும் செருமிச் செருமிப் பாக்குறேன், மாப்பிள்ளை பயந்துக்கிட்டுத்தான் இருக்காக. வெள்ளிக்கிழமை அந்தப் பின்சீட்டுல உக்காரப் போறது என் மக. ஆயிலை மாத்துற வரைக்கும் நான் எங்குட்டும் வர்றதா இல்லை. வண்டிச் சாவியைத் தேட வேண்டாம்னு அவுககிட்டச் சொல்லு. என்கிட்டதான் இருக்கு.