சீமை ஒட்டடைக்கம்பு

எல்லா மீனுக்கும் ஒரே கோல்!

மேலநீலிதநல்லூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஞானஒளிவு, தம் நாற்பத்தேழாம் வயதில், சங்கரன்கோவிலிலிருந்து புறப்படும் காலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றவாறே இம்முடிவுக்கு வந்தார்.

முடிவுக்குக் காரணம் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. பாளையங்கோட்டைப் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டையில்லாமல் கிடந்த அந்த அமெரிக்கப் பத்திரிகையில், ‘பாஸ்’ என்னும் மீனைப் பொய் இரை வீசிப் பிடிப்பதற்கு ஏற்ற தூண்டில் கோலை விலை குறைவாகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒன்பது பக்கம் எழுதியிருந்தார்கள். அந்த மீனை ஞானஒளிவு கண்டதில்லை. காணப்போவதும் இல்லை. ஆயினும் அது கரையோரப் புல்லில் பதுங்கும் என்றும், தவளையைக் கண்டால் பாயும் என்றும் படித்தவுடன், அது நம் ஊர் விராலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

அன்று மாலையே மனைவி கனகமணியிடம் விஷயத்தை முறைப்படி அறிவித்தார்.

“கனகம், இனிமே இந்த வீட்டுல அஞ்சு தூண்டில் கெடயாது.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

“முழுசாக் கேளு. அஞ்சுக்கும் பதிலா ஒரே ஒண்ணு.”

“அந்த ஒண்ணு எங்க இருக்கு?”

“இனிமேதான் வாங்கணும்.”

“அஞ்சும் எங்க இருக்கு?”

“பரண்ல.”

“அப்பம் மொதல்ல அதை எறக்குங்க.”

தம்முடைய வாதம் வென்றதாக எண்ணிய ஞானஒளிவு, கெண்டைக்கு ஒன்று, கெளுத்திக்கு ஒன்று, விராலுக்கு மூன்று எனத் தாம் சேர்த்து வைத்திருந்த ஐந்து மூங்கில் தூண்டில்களையும் இறக்கிக் கொடுத்தார். மறுநாள் மாலை அவர் வீடு திரும்பியபோது அவை ஐந்தும் கொல்லையில் அவரைக்கொடிக்குப் பந்தலாக நின்றுகொண்டிருந்தன.

“சரி. இனி அந்த ஒண்ண வாங்கலாம்லா?”

“எதுக்கு? அஞ்சு தூண்டில் கெடயாதுன்னு நீங்கதான சொன்னிய? இப்பம் கெடயாது. அதோட விடுங்க.”

இவ்வாறாக, ஐந்து தூண்டில் வைத்திருந்த மனிதர் ஒரு தூண்டிலும் இல்லாத மனிதர் ஆனார். அதுவும் எந்த ஆண்டில்? ஐப்பசி மழை தவறாமல் பெய்து, பனவடலிசத்திரத்துச் சுற்றுவட்டாரக் குளங்களெல்லாம் நிரம்பி மறுகால் பாய்ந்த ஆண்டில். விரால்கள் மேலே வந்து மூச்சு வாங்கும் ஓசை பேருந்தில் செல்லும்போதே தம் காதில் விழுவதாக அவர் அலுவலகத்தில் கூறினார். அந்தப் பேருந்தில் நடத்துநர் கத்துவதே யார் காதிலும் விழாது.

வாங்க முடியாத கோலைப் பற்றிப் பேசவாவது ஓர் ஆள் வேண்டுமல்லவா? அதற்கு வாய்த்தவர் பவுல்பாண்டியன். விசைத்தறிக் கூடமொன்றில் மேஸ்திரி. ஞானஒளிவின் சபையையே சேர்ந்தவர். அவரும் தூண்டில்காரர். இரண்டு மாதங்களாக ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்தபின் தேவாலய வாசலில் ஞானஒளிவு அவருக்குப் பாடம் நடத்தினார்.

“நீளம் ஆறரையடி இருக்கணும் வே. கொறஞ்சா தூரம் போவாது. கூடுனா பின்னால கருவ மரத்துல மாட்டும்.”

“சரி.”

“வளைவெல்லாம் நுனியில. நடுவுல வெறைப்பு வேணும். தவளைப் பொம்மையும் வீசணும், தகரக் கரண்டியும் வீசணும், மரக்கட்ட மீனும் வீசணும். மூணுக்கும் ஒரே ராடு.”

“சரி வே.”

“தூண்டில் நரம்பு ஓடுத வளையக் கண்ணி ஒவ்வொண்ணுலயும் பஞ்ச விட்டு இழுத்துப் பாக்கணும். பஞ்சு சிக்குனா உள்ள கீறல் இருக்குன்னு அர்த்தம். நல்ல மீனு மாட்டுத அன்னைக்கு நரம்பு அந்துரும்.”

“நீரு பொண்ணு பாக்கையில இம்புட்டுப் பாத்தீரா வே?”

“பாத்திருந்தா இப்பம் எதுக்கு வே ஒம்மகிட்டப் பேசிக்கிட்டு நிக்கேன்?”

மார்கழிக் கடைசியில் வாய்ப்பு வந்தது. பேருந்து நிலையத்திற்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த ஹபீப் முகம்மதுவின் மைத்துனர், சிங்கப்பூரிலிருந்து மூன்று மீன்பிடி கோல்களும் நரம்பு சுற்றும் ரீல் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அலுவலகத்திற்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஞானஒளிவு கடையில் போய் அமர்ந்தார்.

முதற்கோல் வண்டியச்சைப் போல் இருந்தது. கடலுக்குத்தான் அது ஆகும். இரண்டாவது, வாத்தியார் கைப் பிரம்பைப் போல் நுனி முதல் அடி வரை துவண்டது. கெண்டையோடு அதன் பெருமை தீர்ந்துவிடும். மூன்றாவதைக் கையில் எடுத்ததும் மற்ற இரண்டையும் அவர் மறந்தார். ஆறரையடி. தக்கைக் கைப்பிடி. கைப்பிடியின் அடியில் விரல் கொளுவிக்கொள்ள ஒரு கொக்கி. ஒற்றை விரலில் வைத்துப் பார்த்தார், நின்றது. நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தினார். நுனி மட்டும் வளைந்தது. பஞ்சு கேட்டு வாங்கி எட்டுக் கண்ணிகளிலும் விட்டு இழுத்தார், சிக்கவில்லை.

“அண்ணாச்சி, ராடு வாங்க வந்தியளா, அதுக்குச் சடங்கு கழிக்க வந்தியளா?”

“வெலையச் சொல்லும் பாய்.”

“மூணுலயும் இதுதான் கொறச்சல். கைப்பிடியில மச்சான் சிகரெட்டால சுட்டுட்டான். எம்பது குடுங்க.”

சிகரெட் குடித்த அந்த முகமறியா மைத்துனரை ஞானஒளிவு மனத்துக்குள் வாழ்த்தினார்.

“ரீலு?”

“ரீலு ஒண்ணுதான் இருக்கு. விட்டா இன்னும் ரெண்டு வருசம். அவன் அடுத்த மட்டம் வந்தாத்தான்.”

ரீலையும் வாங்கினார். பொங்கல் போனஸ் பொங்கலுக்கு முன்பே கரைந்தது. ரீல் உணவுத் தூக்கின் மேலடுக்கில் ஒளிந்தது. வீட்டுக்கு வந்தவுடன் அதை ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்த பழைய தகர டப்பாவுக்கு மாற்றிவிடுவது என்பது திட்டம். ரீல் திட்டப்படியே சென்றது. ஆனால், ஆறரையடிக் கோல் தூக்கில் அடங்காது. அதை வேட்டியில் சுற்றித் தோளில் சாத்திக்கொண்டு வாசலேறினார். வாசலில் கனகமணி நின்றுகொண்டிருந்தாள்.

“அது என்னது?”

“எது?”

“ஒங்க தோள்ல வேட்டி கெட்டிக்கிட்டு நிக்குதே, அது.”

“இதுவா? ஒட்டடைக்கம்பு.”

கனகமணி வேட்டியை விலக்கிப் பார்த்தாள்.

“ஒட்டடைக்கம்புக்கு வளையம் எதுக்கு?”

“கயிறு கோக்க.”

“கயிறு எதுக்கு?”

“கம்பு மேல எங்கயாவது மாட்டிக்கிட்டா இழுக்கணும்லா?”

“நம்ம வீட்டு ஓட்டுக்கூரைக்குச் சீமைக்கம்பு கேக்குதோ?”

அந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். திட்டு வாங்கியிருப்பார், கோல் தப்பியிருக்கும். ஆனால், பொய் சொல்லத் தொடங்கியவருக்கு அதை அழகாக முடிக்க வேண்டும் என்னும் ஆசை வந்துவிடுகிறது.

“நம்ம வீட்டுக்கு யாரு சொன்னா? கோயிலுக்கு! பீடத்துக்கு மேல எவ்வளவு ஒட்டடைன்னு பாத்தியா? காணிக்கையாக் குடுக்கலாம்னு வாங்கினேன்.”

கனகமணி வேட்டியைப் பழையபடி கோலின்மேல் மூடினாள்.

“கல்யாணமாகிப் பத்தொம்பது வருசத்துல, நீங்களா ஒரு காணிக்கை குடுக்கணும்னு நெனச்சது இதுதான் மொதத் தடவ.”

அவ்வளவுதான் சொன்னாள். சண்டை இல்லை. குறுக்கு விசாரணை இல்லை. அன்று இலையில் இரண்டு முட்டை விழுந்தன. கனகமணி வாதாடினால் தப்பிக்க வழியுண்டு; அவள் பேசாதிருந்தால்தான் அஞ்ச வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கற்ற ஒரே பாடம் அது. இரண்டாவது முட்டையின்போது அதையும் மறந்தார். கோல் சில வாரம் வீட்டில் இருக்கட்டும். பிறகு, ‘இதைக் கையாளத் தெரியவில்லையென்று கோயிலில் திருப்பித் தந்துவிட்டார்கள்’ என்று சொல்லிவிடலாம் எனக் கணக்கிட்டவாறே கையைக் கழுவினார்.

தைக் கடைசி ஞாயிறன்று ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. அறுவடைக்கு நன்றி செலுத்தும் பண்டிகை அது. சபையார் நெல், பூசணி, வாழைத்தார், சேவல், முட்டை என அவரவர் வீட்டில் விளைந்ததைப் பீடத்தின்முன் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அனைத்தும் வேப்பமரத்தடியில் ஏலம் போகும். அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவருக்குப் படைத்ததை மலிவாக எடுப்பது மரியாதை ஆகாது. முந்தைய ஆண்டு ஓர் எலுமிச்சம்பழம் பன்னிரண்டு ரூபாய்க்குப் போயிற்று. எடுத்தவருக்கு ஒரு வாரம் வரை அதைப் பிழிய மனம் வரவில்லை.

ஏலம் விட்டவர், குருவானவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் மாணிக்கராஜ். பூசணிக்காயை முடித்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து நீளமான ஒன்றை எடுத்தார்.

“அடுத்தது, நம்ம ஞானஒளிவு அண்ணாச்சி குடும்பத்தார் படைச்ச சீமை ஒட்டடைக்கம்பு ஒண்ணு! சீமை ஒட்டடைக்கம்பு!”

ஞானஒளிவு திடுக்கிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். கனகமணி தலையில் முக்காடிட்டு, கண்களைத் தாழ்த்தி, மிகுந்த பக்தியோடு அமர்ந்திருந்தாள்.

எழுந்து, ‘அது என் தூண்டில்’ என்று கூவலாம். தேவாலய வளாகத்தில், குருவானவர் முன்னிலையில், மனைவியிடம் பொய் சொன்னதாக அறிக்கையிடுவதற்கு அது சமமாகும். வேறு வழியில்லை, ஏலத்தில் எடுத்துவிட வேண்டியதுதான். ஒட்டடைக்கம்பை யார் கேட்கப் போகிறார்கள்?

“அஞ்சு ரூவா!” என்றார்.

“பத்து!” என்றது ஒரு குரல். பவுல்பாண்டியன்.

“பதினஞ்சு!”

“செத்த பொறும் உபதேசியாரே. சாமானப் பாத்துட்டுக் கேக்கேன்.”

பவுல்பாண்டியன் எழுந்து வந்தார். கோலை ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தார். நுனியைத் தரையில் ஊன்றி வளைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கற்றைப் பஞ்சை எடுத்து, ஒவ்வொரு கண்ணியிலும் விட்டு இழுத்தார். வெளுத்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குள் பஞ்சு எப்படி வந்தது என்று ஞானஒளிவு அப்போது யோசிக்கவில்லை. தாம் இரண்டு மாதம் நடத்திய பாடம் வரி பிசகாமல் ஒப்பிக்கப்படுவதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிக்கல,” என்றார் பவுல்பாண்டியன். “அம்பது!”

“அறுவது!”

“ஆறரையடி இருக்கும் போலுக்க. எம்பது!”

“வே, ஒட்டடைதான வே அடிக்கணும்? ஒமக்கு எதுக்கு?”

“தறிக்கூடத்துல இல்லாத ஒட்டடையா வே? நூறு!”

கூட்டம் முன்னால் நெருங்கி வந்தது. சேவலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பிடியை விட்டார். குருவானவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, “ஆலயத்தின் தூய்மை மேல இப்படியொரு வைராக்கியத்த நான் எந்தச் சபையிலயும் பாத்ததில்ல” என்று நெகிழ்ந்தார்.

“நூத்தி இருவது!”

“நூத்தி நாப்பது!”

“நூத்தம்பது!” என்றார் பவுல்பாண்டியன்.

ஞானஒளிவு கண்ணை மூடினார். இருட்டில் ஒரு விரால் மேலே வந்து மூச்சு வாங்கிப் போயிற்று.

“நூத்தி அம்பத்தொண்ணு!”

பவுல்பாண்டியன் கைகூப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் ஏன் அவ்வளவு சட்டென்று உட்கார்ந்தார் என்பதையும் ஞானஒளிவு யோசிக்கவில்லை. சபை கைதட்டியது. குருவானவர் அக்குடும்பத்திற்காகத் தனியே ஜெபித்தார். விலை குறைவு என்பதற்காகவே தேர்ந்தெடுத்த கோல், அந்த ஆண்டு ஏலத்திலேயே அதிக விலைக்குப் போன பொருளாயிற்று.

போகட்டும். கோல் கிடைத்துவிட்டது. இப்போது அது முறைப்படி, ஜெபத்தோடு, ஊரறிய அவருடையது. யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஞானப்பாட்டுப் புத்தகங்களை விலக்கி, தகர டப்பாவைத் திறந்தார்.

உள்ளே பொரிகடலை இருந்தது.

“என்ன தேடுதிய?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“இல்ல… இங்கன ஒரு சாமான் வச்சிருந்தேன். உருண்டையா. கைப்பிடி வச்சு.”

“அதுவா? அது வருத வருசப் பண்டிகைக்குப் பொருத்தனை பண்ணியாச்சு. கோயில் ஐயாகிட்டச் சொல்லி எழுதியும் வச்சாச்சு.”

ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனையை மீட்பது நடவாத காரியம். ஞானஒளிவு கோலின் கைப்பிடியைக் காட்டினார்.

“கனகம், அது இந்தக் கம்போட சேந்ததுட்டி. அது இல்லாம இந்தக் கம்பு…”

“ஒட்டடைக்கம்புக்கு அது எதுக்கு?”

இதற்கு விடை அவரிடம் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

கனகமணி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“பவுல்பாண்டியன் அண்ணாச்சி அதுக்கு இப்பமே காசு சேக்க ஆரம்பிச்சிட்டாவ. இந்தக் கம்புக்கே எரநூறு வர போறேன்னுதான் நின்னாவ. நூத்தம்பதோட நிறுத்திக்கிடுங்க, பாவம் இவுகளுக்கும் தாங்கணும்லான்னு நாந்தான் சொல்லி வச்சேன்.”

பஞ்சு எப்படி வந்தது என்பது ஞானஒளிவுக்கு இப்போது விளங்கியது.

“சும்மா ஏன் நிக்கிய? கம்பு கையிலதான இருக்கு? அடுக்களையில ஒட்டடை தொங்குது, அடிங்க.”

அவர் கோலை உயர்த்தினார். ஆறரையடி நீளம் மோட்டுவளை வரை சரியாக எட்டியது.