கமாண்டருக்கு மேல் ஒரு சூரியன்

"முடியாதுன்னா முடியாது, ஃபாதர்! மலைக்கு உங்கள அனுப்பி, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"எனக்கு ஏதாவது ஆயிட்டா நான் எப்படிங்க பதில் சொல்ல முடியும்?"

"விளையாடாதீங்க. பாதிரியார் துப்பாக்கியத் தொடக்கூடாது. கூடவே காவலுக்கு ஆள் வேணும். எங்க போவேன் ஆளுக்கு?"

"ரோடெலியோ இருக்கானே. எனக்கும் சேத்து அவன்தானே துப்பாக்கி வச்சிருக்கான்?"

"அவனா? அட்டைப்பூச்சியப் பாத்தாலே மயங்கி விழுவான். நீங்கதான் அவனத் தூக்கிட்டு வரணும்!"

"மேல நம்ம பசங்க போன கிறிஸ்துமஸுக்கும் பூசை பாக்கல, கமாண்டர்."

"ஒரு ஜெனரல் வாயத் தொறந்து சொல்லட்டும், அனுப்பறேன். அதுக்குக் கீழ எவன் சொன்னாலும் நடக்காது!"

கதவுக்கு வெளியே காப்பிக் கோப்பைகளோடு நின்ற கார்ப்பரல் ரோடெலியோ, கை காலியாக இல்லாததால் மனசுக்குள்ளேயே சிலுவை போட்டுக்கொண்டான். வாழ்க கமாண்டர் வில்லாரூஸ்!

மூன்று கிறிஸ்துமஸை, பிலிப்பைன்ஸின் தெற்கே அந்த மிண்டனாவோ மலை உச்சியில் அட்டைகளோடு கழித்தவன் அவன். எதிரிக்குக்கூட அவன் அவ்வளவு ரத்தம் கொடுத்ததில்லை. "இந்த வருஷமும் நடுராத்திரி விருந்துக்கு நீ வீட்ல இல்லன்னா, உன் நாற்காலில பன்னித்தொடைய உக்கார வச்சு அதோட பேசிக்கிட்டிருப்பேன்" என்று மனைவி லூஸ் சொல்லியிருந்தாள். நவம்பரில் ஃபாதர் அன்செல்மோ கேன்டீனுக்கு வந்து, அவனை ஏற இறங்கப் பார்த்து, "நல்ல தோளுடா உனக்கு. எனக்குக் கோயில்பிள்ளையா வர்றியா?" என்று கேட்டபோது, முள்கரண்டியைக் கீழே வைக்காமலே சரி என்றான். மெழுகுவத்தி ஏற்றலாம், மணி அடிக்கலாம், மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம். படையில் இதைவிட என்ன சொர்க்கம்?

ஒரே ஒரு முடிச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது விடியற்காலைப் பூசையும் பிசகில்லாமல் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். பிசகினால் மறுபடி மலைதான்.

முதல் பூசைக்கு முந்தின நாள் ஃபாதர் அவனைக் கூப்பிட்டார். முகாம் கோயிலில் இருக்கும் குழந்தை இயேசு சொரூபத்துக்கு எப்போதும் பச்சைப் புள்ளிப் படைச்சீருடைதான். மீனவர் கோயிலில் மீனவனாக நிற்கிற குழந்தை, இங்கே சிப்பாயாக நிற்கிறது. அந்தச் சட்டையில் மெழுகு சிந்தியிருந்தது.

"கொதிக்கிற தண்ணில முக்கி எடு. மெழுகு ஓடிரும்."

மெழுகு ஓடியது. சட்டையும் கூடவே ஓடி, கட்டைவிரலுக்குப் போடுகிற அளவில் வந்து நின்றது. ரோடெலியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபாதர் கோபிக்கவே இல்லை.

"போனாப் போவுது. கேட் வாசல்ல பாசிங் அம்மா தையல்கடை இருக்குல்ல? போய்ப் பாரு."

பாசிங் அம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"தச்சே வச்சிருக்கீங்களா? அளவு?"

"குழந்தைங்க எல்லாம் ஒரே அளவுதானேப்பா. போ போ."

விடியற்கருக்கலில் தட்டித்தடவிச் சட்டையை மாட்டிவிட்டான். பூசை தொடங்கி, விளக்கெல்லாம் எரிந்தபோதுதான் அதன் கழுத்துப்பட்டையைப் பார்த்தான். மூன்று சூரியன்!

இந்தப் படையில் மரியாதையே சூரியனை எண்ணித்தான். ஒன்று மேஜர், இரண்டு லெப்டினன்ட் கர்னல், மூன்று முழுக் கர்னல். வானத்தில் எப்படியோ, இங்கே சூரியனைவிட நட்சத்திரம் பெரியது. நட்சத்திரம் வந்தால் ஜெனரல். கமாண்டர் வில்லாரூஸுக்கு இரண்டே சூரியன்தான்.

"கர்னல் வந்திருக்காரு! அட்டென்ஷன்!" என்று கத்தினான் சார்ஜென்ட் கலோய். அவன் பக்தியில் கத்தினானா, குசும்பில் கத்தினானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கோயில் மொத்தமும் எழுந்து சல்யூட் அடித்தது. முதல் வரிசையில் கமாண்டரும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

பூசை முடிந்ததும் ரோடெலியோவின் காதருகே வந்தார்.

"என் முகாம்ல எனக்கு மேல ஒருத்தரா?"

"அவரு கடவுளாச்சே, சார்..."

"கடவுளா வரட்டும், கும்புடறேன். கர்னலா ஏன் வர்றாரு?"

ரோடெலியோ கத்தரியை எடுத்து ஒரு சூரியனை வெட்டினான். இரண்டு சூரியன். சமம். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான். மறுநாள் கலோய் வாசலில் கூட்டம் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரே ரேங்க்ல ரெண்டு பேர் இருந்தா யாருடா சீனியர்? முன்னாடி சேந்தவருதானே? கமாண்டர் சேந்து இருவது வருஷம். இவரு ரெண்டாயிரம் வருஷம்!"

கமாண்டர் காதில் அது விழுந்தது. சத்தமாகச் சொன்னால் விழாதா?

கத்தரி மறுபடி வந்தது. குழந்தை இயேசு மேஜர் ஆனார்.

மறுநாள் செபமாலைச் சபைப் பெண்கள் கோயில் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் கமாண்டரின் மனைவி. அவளுக்கும் முன்னால், இடுப்பில் கைவைத்தபடி லூஸ்.

"என்ன குத்தம் பண்ணாருன்னு பதவியக் கொறச்சீங்க? லஞ்சம் வாங்கினாரா? அரிசி மூட்டையத் திருடினாரா?"

"லூஸ், மெதுவாப் பேசு. என் வேலை போயிரும்..."

"நீ சும்மா இருய்யா! புயல் வந்தப்ப கூரையக் காப்பாத்தினது உன் கமாண்டரா, அவரா?"

அன்று ராத்திரி கமாண்டர் கேன்டீனில் டப்பா மத்தி மீனைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"ரேங்கே வேண்டாம்! எல்லாத்தையும் எடுத்துத் தொலை!" என்றார்.

எடுத்துத் தொலைத்தான். இப்போது குழந்தை வெறும் சிப்பாய். விடிந்தபோது சொரூபத்தின் பக்கத்தில் ஒரு துடைப்பமும் வாளியும் இருந்தன.

"புதுச் சிப்பாய்க்குக் கக்கூஸ் டியூட்டிதானே?" என்றான் கலோய். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

அதே பொழுதில் முகாமின் தண்ணீர் பம்பு நின்றது. கமாண்டரின் ஜீப் சேற்றில் அச்சுவரை புதைந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கமாண்டரைப் பார்த்தார்கள்.

ரோடெலியோ ஃபாதரிடம் ஓடினான். "என்ன ஃபாதர் செய்யறது? கூட்டினாலும் அடி, கொறச்சாலும் அடி!"

ஃபாதர் அரிசிப் பணியாரத்தை மென்றுகொண்டே யோசித்தார். "ஒரே ஒரு சூரியன் அதிகமா இருந்தாத்தான் மனுஷனுக்கு எரியும். ரொம்ப ஒசரத்துல இருந்தா எரியாது. பாசிங் அம்மாகிட்ட நட்சத்திரம் இருக்கான்னு கேளு."

இருந்தது. அதே டிராயரில், பளபளவென்று.

ஃபாதர் சொன்னது பலித்தது. குழந்தை ஜெனரல் ஆனதும் பெண்கள் அடங்கினார்கள், கமாண்டர் வீட்டில் அடுப்பு எரிந்தது, பம்பும் ஓடியது. ஜெனரலுக்குச் சல்யூட் அடிப்பதில் கமாண்டருக்கு என்ன வெட்கம்? கோயில் வாசலில் ஒரு காவலாளியைக்கூட நிறுத்தினார். எட்டாவது பூசையும் முடிந்தது. இன்னும் ஒன்றுதான் என்று ரோடெலியோ வீட்டு நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டான்.

அன்று மாலை பிரிகேட் தலைமையகம் வழக்கம்போல் வயர்லெஸ்ஸில் கேட்டது: "முகாம்ல விசேஷம் ஏதும் உண்டா?"

வயர்லெஸ்ஸை எடுத்த கேட் காவலாளி பொய் சொல்லத் தெரியாதவன். "ஒரு ஜெனரல் தங்கியிருக்காரு, சார்."

"ஜெனரலா! எங்களுக்குத் தெரியாமலா? பேரு என்ன?"

"ஹெசூஸ், சார்." இயேசுவுக்கு அந்த ஊர் உச்சரிப்பு அதுதான்.

"தெருவுக்கு நாலு ஹெசூஸ் இருக்கான். எந்த ஹெசூஸ்? எந்த ஊரு?"

"நாசரேத்துன்னு சொல்றாங்க, சார்."

கடைசிப் பூசையன்று மூன்று வண்டிகள் சீறிக்கொண்டு வந்து நின்றன. நிஜ ஜெனரல் முகம் சிவக்கக் கோயிலுக்குள் நுழைந்தார். "எவன்டா அது, எனக்குத் தெரியாம என் பிரிகேட்டுக்குள்ள..." என்றவர் பீடத்தைப் பார்த்தார். சின்னச் சட்டை. சின்னத் தொப்பி. அவருடையதைப் போலவே ஒற்றை நட்சத்திரம்.

ரோடெலியோ கண்ணை மூடிக்கொண்டான். போச்சு.

ஜெனரல் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். முழங்காலில் விழுந்தார். எழுந்தபோது கண் ஈரமாக இருந்தது. "நம்ம ஜெனரல்தாண்டா" என்றார்.

ஃபாதர் அன்செல்மோ சாதுவாகப் பக்கத்தில் வந்தார். "ஒரே வருத்தம், சார். இவரோட பசங்கெல்லாம் மேல மழைல நனையறாங்க. இவரு இங்க மின்விசிறிக்குக் கீழ நிக்கறாரு. ரேங்குக்கு அழகில்லையே?"

ஜெனரல் கமாண்டர் பக்கம் திரும்பினார். "ஒரு ஜெனரல் தன் ஆளுங்களப் பாக்கப் போகணும்னா, தடுக்கறதுக்கு நீ யாருய்யா? இன்னைக்கே அனுப்பு! ஃபாதரும் போகட்டும். குழந்தையத் தூக்க அந்தக் கோயில்பிள்ளையும் போகட்டும். அவன் வேலைய நிரந்தரமாக்கு!"

ரோடெலியோ கடைசி நம்பிக்கையாக லூஸைப் பார்த்தான். "லூஸ், நாற்காலி... பன்னித்தொடை..."

"அவரே மலையேறிப் போறாரு, உனக்கு என்னய்யா?" என்று அதட்டினாள். ஆனாலும் வீட்டுக்கு ஓடிப் போய், பன்னித்தொடையை முழுசாகத் துணியில் சுற்றி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த அவன் மடியில் வைத்தாள். கூடவே ஒரு பொட்டலம் உப்பு. அட்டைக்கு. கண்ணைத் துடைத்ததை அவன் பார்க்காதபடி திரும்பிக்கொண்டாள்.

ஜீப் கேட்டைத் தாண்டும்போது பாசிங் அம்மா மூச்சிரைக்கக் குறுக்கே ஓடிவந்தாள். கையில் இரண்டு மழைக்கோட்டு. ஒன்று கையகலம், கழுத்தில் நட்சத்திரம். இன்னொன்று பெரியது. ரோடெலியோ அதைத் தோளில் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்தது போல் கச்சிதமாக இருந்தது.

"எப்படிம்மா? விஷயம் இப்பத்தானே முடிவாச்சு, அதுக்குள்ள தச்சிட்டீங்களா?"

முன் இருக்கையில் ஃபாதர் அவசரமாகச் செபமாலையை உருட்டத் தொடங்கினார்.

"இப்ப எங்கப்பா தச்சேன்? மூணு சூரியச் சட்டை, நட்சத்திரம், ரெண்டு மழைக்கோட்டு எல்லாம் அக்டோபர்லயே ஃபாதர் சொல்லிவச்சது. அன்னைக்கு நீ எதிர் கடைல நின்னுட்டிருந்த. 'பெரிய கோட்டு அந்தத் தோளுக்கு'ன்னு உன்னத்தான் காட்டினாரு."

*

அட்டைக்கு உப்பு நல்லதா, புகையிலைத் தண்ணீர் நல்லதா? ரோடெலியோவுக்காகக் கேட்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.