பீற்சாக்கடைப் புகைக்குழாய்க்கு மப்ளர் கட்டிய கதை

பலெர்மோ,
கார்த்திகை, 2014

பெருமதிப்புக்குரிய மாமா சூசைப்பிள்ளை அவர்கட்கு,

மருமகன் சாந்தரூபன் பணிவுடன் எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் தங்கள் மகள் நிசாந்தியும் பேரனும் சுகம். மன்னாரில் தாங்களும் மாமியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். எங்கள் வீடு குளிரென்றால் மார்கழியில் வந்து மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக எழுதியிருந்தீர்கள். வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி அந்தக் கவலை உங்களுக்கும் வேண்டாம்.

நாங்கள் இருப்பது வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால், ஒரு பீற்சாக்கடைக்கு மேல். கடை அடுப்பின் புகைக்குழாய் எங்கள் குசினிக்குள்ளால்தான், சமையல் அடுப்புக்குப் பக்கத்தால், கூரைக்குப் போகிறது. குளிர் தொடங்கியதும் குழாய் உள்ளுக்குள் வியர்த்து, மூட்டு வழியே கறுப்புத் தண்ணீர் சொட்டி, நிசாந்தி வைத்த தேங்காய்ப்பால் சொதி தார் மாதிரி ஆகிவிட்டது. "குழாய்க்குக் குளிருது, எதையாவது சுத்திவிடு" என்றார் கடைக்காரர் பெப்பே. குளிரென்றால் காதைக் கட்டுகிற சனம் அல்லவா நாங்கள், என் மப்ளரைக் குழாயின் கழுத்தில் கட்டி, அது போதாமல் பேரனுக்கு நீங்கள் அனுப்பிய கம்பளியையும் சுற்றிவிட்டேன். மாலையில் கீழே அடுப்பு மூட்டினார்கள். முதலில் மணம் வந்தது, பிறகு புகை வந்தது. "என்ர அப்பா அனுப்பின கம்பளியப்பா" என்று கத்திக்கொண்டு நிசாந்தி அன்றைய சொதியை அப்படியே ஊற்றி அணைத்தாள்.

பிறகு என் கூட்டாளி லூர்து நெருப்புப் பிடிக்காத கண்ணாடிப் பஞ்சு கொண்டுவந்தான். கையுறை போடச்சொல்லிப் பொதியில் எழுதியிருந்ததாம்; இத்தாலியனில் எழுதினால் நாங்கள் வாசிப்போமா? குசினியிலிருந்து கூரைவரை குழாயைக் கட்டிப்பிடித்துச் சுற்றி, மேலே வெள்ளித்தாளும் ஒட்டிவிட்டு ஞாயிறு பூசைக்குப் போனால் உடம்பெல்லாம் கடி. பிரசங்கம் முழுக்கச் சொறிந்தோம். சமாதானம் சொல்லும் நேரம் ஒருவரும் கை தரவில்லை. "அம்மாள் வருத்தமோ தம்பி, கொப்புளம் போட்டிருக்கோ?" என்று அருளம்மா அக்கா இரண்டு வாங்குப் பலகை தள்ளி நின்று கேட்டா.

ஆனாலும் மாமா, சொட்டு நின்றுவிட்டது. பெப்பே தெருவில் நின்று கூரையைப் பார்த்துக் கைதட்டினார். எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆகவே தாராளமாக வந்து பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு என் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

மாமியின் முழங்கால் நோவுக்காகத் தினமும் செபமாலை சொல்லுகிறோம்.

தங்கள் சொல் தட்டாத மருமகன்,
சாந்தரூபன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் நிசாந்தி வாசித்தாள், போர்வைக்குள் இருந்தபடி. இவ்வளவு காலமும் எங்கள் வீட்டைச் சூடாக வைத்திருந்தது அந்தக் குழாய்தானாம். இப்போது சூடெல்லாம் பஞ்சுக்குள் அடைபட்டு நேரே வானத்துக்குப் போகிறது. "அவிழ்த்துவிடுங்கோப்பா" என்கிறாள். அவிழ்த்தால் திரும்பவும் கறுப்புத் தண்ணீர், பெப்பேயும் விடமாட்டார். பேரனுக்கு மூக்கு ஓடுகிறது, நான் இதைக் கையுறை போட்டபடி எழுதுகிறேன். அவர்களைக் கூட்டிப்போக வரும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ மாமா.