மேல்வீட்டு மெத்தையும் என் ஆண்டெனாவும்

யோனாகோ,
ஜூலை, சனிக்கிழமை

அன்பு மகள் கனாயேவுக்கு,

மழைக்காலம் முடிந்து சில்வண்டுகள் காது கிழியக் கத்தத் தொடங்கிவிட்டன. மாட்சுவேயில் நீயும் உன் டிவி நிலையத்தில் இருக்கும் எல்லோரும் இந்த வெயிலிலும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன். எனக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை. ஆனால் உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நேற்று நீ போனில், "அப்பா, நிகழ்ச்சி முடியறப்ப உங்களுக்காக ஒண்ணு சொன்னேனே, கேட்டீங்களா?" என்று கேட்டாய். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கேட்டேம்மா, கேட்டேன். அந்தக் கத்தரிக்காய் ரொம்ப ருசியா இருந்திருக்கும் போல" என்றேன். நீ சொன்னது கத்தரிக்காயைப் பற்றியே இல்லை போலிருக்கிறது. உடனே, "பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்கப்பா. என் வேலை உங்களுக்கு இளக்காரம்னு எனக்குத் தெரியாதா?" என்று போனை வைத்துவிட்டாய். அப்புறம் நீ எடுக்கவேயில்லை. நீ நகராட்சி வேலையை விட்டுவிட்டு டிவிக்காக மைக்கைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகச் சாப்பிடப் போனபோது நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது உண்மைதான். ஆனால் நீ டிவியில் வர ஆரம்பித்த நாளிலிருந்து மத்தியானம் நூடுல்ஸ் கிண்ணத்தோடு உன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இளக்காரமெல்லாம் இல்லையம்மா. டிவிதான் தெரியவில்லை.

நடந்ததைக் கேள். போன வருடப் புயலில் மொட்டைமாடிப் பொது ஆண்டெனா சாய்ந்தது உனக்குத் தெரியும். குடியிருப்போர் சங்கம் அதைப் பற்றிக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்திருக்கிறது. அதனால் அவரவர் பால்கனியில் அவரவர் ஆண்டெனா. மழை கொட்டிய மாதம் முழுக்க உன் முகம் கண்ணாடி போலத் தெரிந்தது. வெயில் வந்த முதல் நாளே மத்தியானம் உன் மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று சதுரம் சதுரமாகப் பிரிந்து, கடைசியில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு கறுப்புத் திரை. சாயங்காலம் பார்த்தால் எல்லாம் சரி. மழைக்குப் பயந்து ஓடாத சிக்னல் வெயிலுக்குப் பயந்து ஓடுமா? சேனல்களை மறுபடி தேடவைத்தேன், டிவிக்குள் இருக்கும் அட்டையை உருவி மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஃபிரிட்ஜைக்கூட நிறுத்திப் பார்த்து மீன் கெட்டதுதான் மிச்சம். அந்தக் காலத்துச் சட்டைப்பை ரேடியோவில் டிவி சத்தமாவது கேட்கும், டிஜிட்டல் வந்த பிறகு அதுவும் போச்சு. வெயில் வேண்டிக் கட்டும் துணிப் பொம்மையை, மழை வரட்டும் என்று ஜன்னலில் தலைகீழாகக் கட்டினேன். இந்த வயதில்! வானம் இன்னும் பளிச்சென்று ஆனது.

எலக்ட்ரிக் கடை கடோவாகி ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து, "ஐயா, இது சிக்னலைக் கூட்டும். திருகைப் பாதி வைங்க, போதும்" என்றான். பாதிக்கே பலன் என்றால் முழுசுக்கு எவ்வளவு என்று கடைசி வரை திருகிவிட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் துடைப்பத்தோடு பால்கனிக்குப் போனபோதுதான் பார்த்தேன். மேல்வீட்டு நகாகுரா குடும்பத்தின் படுக்கை மெத்தை, ஈரத்தோடு கனமாகத் தொங்கி என் ஆண்டெனாவை அப்படியே மூடியிருந்தது! எல்லா வீட்டிலும்தான் வெயிலில் மெத்தை காயப்போடுகிறார்கள், ஆனால் தினம் தினமா? நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மூச்சிரைக்கப் படியேறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே பெரியவர் நகாகுராவின் குரல். பூங்காவில் காலையில் ரேடியோவைக் கேட்டுச் செய்யும் உடற்பயிற்சிக்கு நம் எல்லோருக்கும் முன்னால் நின்று கை தூக்குவாரே, அவர்தான்.

"மன்னிச்சுக்கோம்மா. இன்னைக்கும் ஆயிடுச்சு."

"அதனால என்ன மாமா, வெயில்தான் அடிக்குதே. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்" என்றாள் மருமகள் மசுயோ.

திரும்புவதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "சுகிமோரி ஐயா, ஏதாவது விஷயமா?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில் நல்லா அடிக்குதுன்னு சொல்லலாம்னு வந்தேன்."

"ஆமாங்க... நல்லா அடிக்குது" என்றாள். எனக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மெத்தையைப் பற்றிப் பேசினால் மெத்தை நனைந்ததையும் பேசினதாகிவிடும். ஆண்டெனாவை மறுபக்க ஜன்னலில் மாட்டலாம் என்றால் அங்கே மலை மறைக்கிறது. டிவி போனால் போகட்டும், மனுஷனுக்கு மானம் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். யாருக்கும் இடைஞ்சல் கொடுக்காமல் வாழ்ந்தவன் உன் அப்பா. பிறருக்காக இப்படிப் பொறுத்துப்போகிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள், சொல்?

மைக் பிடிக்கும் கை வலிக்காமல், சூடான சூப்பில் நாக்கு வேகாமல், நீ நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அப்பா,
இவாவோ

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது மசுயோ வந்தாள். கையில் கோடைக்கால அன்பளிப்பாக ஒரு பெட்டி நூடுல்ஸ். தலை தரையைத் தொடக் குனிந்து, "தப்பா நினைக்காதீங்க ஐயா. நீங்க அந்த சிக்னல் பெட்டியை மாட்டின நாள்லேருந்து எங்க டிவி ஓடவே மாட்டேங்குது. முழுசாத் திருகினா மேல்வீடு வரைக்கும் கலக்கிடும்னு கடோவாகி சொன்னாரு. மாமாதான், 'மகளைப் பாக்க மாட்டியிருக்காரு, விடும்மா, சொல்லாதே'ன்னாரு. வேற எதையும் பொறுத்துக்குவாரு. நாளைக்கு சுமோ மல்யுத்தப் போட்டி ஆரம்பிக்குதுங்க, அதான்..." என்றாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான் அம்மா. அப்போதே சிக்னல் பெட்டியைப் பிடுங்கினேன். உடனே மேலே டிவி அலறியது. மெத்தையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மெத்தை கீழ்நோக்கித்தான் தொங்குகிறது, அவர்கள் ஆண்டெனாவுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டி இல்லாமல் எனக்கு டிவி தெரியாதே என்று, திங்கட்கிழமை முதல் மத்தியானம் கிண்ணத்தோடு மேலே வரும்படி பெரியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். என் பெட்டி வரும்வரை உன் நிகழ்ச்சியை அவரும் ஒருநாள் விடாமல் பார்த்தவராம். ஆனால் நேற்று நீ எனக்காக என்ன சொன்னாய் என்று இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு தடவை சொல்லம்மா. இந்தத் தடவை பார்த்துக்கொண்டிருப்பேன்.