நான் அடையாளம் கண்ட காளான்

விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர்மாருக்குத் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. எனக்கு வந்திருந்தால் ஒரு குடும்பமே வாந்தி எடுத்திருக்காது. இந்தக் கதையைப் பிறர் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இனி நானே சொல்லித் தொலைக்கிறேன்.

பட்டணத்துப் பக்கம் நெளுக்குளத்தில் பிறந்த நான் ஒட்டுசுட்டான் கிராமத்துக்கு மருமகளாகி அப்போது நான்கு மாதம். "ரவுண் பிள்ளை, பாவம், ஒண்டும் தெரியாது" என்று மாமி என்னைச் சமைக்கவே விடமாட்டா. அந்தப் பெயரை மாற்ற வேண்டுமென்று எனக்கு ஒரே வெறி. கந்தசஷ்டி நேரம், வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மழை விட்ட காலையில் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் வெள்ளைவெளேரென்று காளான் குடைபிடித்து நின்றது. விடுவேனா?

ஊரார் காளானை அடியோடு கிண்டி எடுப்பார்கள். நல்ல புற்றுக் காளானுக்குத் தண்டு வேர் மாதிரிப் புற்றுக்குள் நீளமாக இறங்கியிருக்கும். நானோ (பெரிய சுத்தக்காரி!) மண் படாமல் குடையை மட்டும் நறுக்கிக்கொண்டு, தண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மாமா ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, அடிப்பக்கம் பச்சையாக் கிடக்கு?"

"அது புல்லின்ர சாயம் மாமா." (படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் செத்தது.)

"புத்திலயோ புடுங்கினனீ?"

"ஓம் மாமா, கிட்டத்தான்." கிட்ட என்றால் ஒரு வயல் தள்ளி.

மாமி அன்றைக்குத்தான் சமைக்கக் குசினியை விட்டுத்தந்தா. மஞ்சள் போட்டு அவித்தேன்; நஞ்சென்றால் கறுக்குமாம், நிறம் கறுக்கவில்லை. அது சோதனையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மாமா இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு மணித்தியாலத்தில் மாமா, மாமி, என் மனுசன், நான் எல்லோரும் கிணற்றடியில் வரிசையாகக் குந்தியிருந்தோம். பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாமாவுக்குக் கண் செருகியது. "முருகா, மாமாவைக் கொண்டு போயிடாதை" என்று குழறி அழுதேன். பயத்தில் எனக்கு வாந்திகூட நின்றுவிட்டது.

சேலைன் ஏறி எல்லோரும் கண் திறந்தபிறகு டொக்டர் கேட்டார்.

"ஆர் இதை நல்ல காளான் எண்டு சொன்னது?"

நான் முகட்டைப் பார்த்தேன்.

"நான்தான் டொக்டர்," என்றார் மாமா. டொக்டர் போனதும் என் பக்கம் திரும்பினார். "பச்சையைக் கண்டு சந்தேகப்பட்டனான் பிள்ளை. நீ முதல்முதல் சமைச்சது, எப்பிடி வேண்டாமெண்டுறது?"

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

எட்டு வருடமாகிவிட்டது. இப்போதெல்லாம் நான் என்ன சமைத்து வைத்தாலும், வெறும் பருப்பென்றாலும், மாமி சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளுவா. "நீ முதல்ல சாப்பிடு பிள்ளை. நாங்கள் ரெண்டு மணித்தியாலம் இருந்து பாப்பம்." சண்டைபிடிக்க எனக்கும் இப்போது தெம்பில்லை. முதல் வாயை நானே வைக்கிறேன். மாமா மட்டும் யாரையும் பார்க்காமல் தன் கோப்பையில் கறியை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்.